மனத்தின் ஏற்றமும் தாழ்வும்

கள்ளக்குறிச்சி நகரத்தில் கருணாபுரம் என்றொரு குடியிருப்பு உண்டு. அன்றாடம் கூலி வேலை செய்து பிழைப்பவர்களே அங்கு மிகுதி. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற்கு முன் வெளியூரார் பலர் அதன் பெயரையும் அறிந்திரார். அம்மாதம் 18, 19-ஆம் நாட்களில் மெத்தனால் கலந்த சாராயம் அவ்வூரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் விற்கப்பட்டது. அதைக் குடித்தவர்களில் 65-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். இருநூறு பேருக்கு மேல் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கோமுகி ஆற்றங்கரையில் ஒரே மாலையில் வரிசையாகச் சிதைகள் எரிந்த காட்சியை நாடே பார்த்தது.

அச்சாராயத்தைப் பற்றி வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. ஆனால் அதனோடு ஒட்டியது. அத்துயரத்திற்குப் பிறகு எங்கும் காதில் விழுந்த ஒரு சொல்லைப் பற்றி எனக்குச் சிந்தனை உண்டாயிற்று. 'குடிகாரன்' என்பதே அச்சொல். ஒரு மனிதனை அச்சொல்லால் அழைத்துவிட்டால் அதற்குமேல் அவனைப் பற்றி அறிய வேண்டியது ஒன்றும் இல்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவன் ஏன் குடிக்கிறான், எப்பொழுது குடிக்கத் தொடங்கினான், குடிக்கு முன்னரே அவன் உறக்கமும் பேச்சும் மாறியிருந்தனவா என்று எவரும் கேட்பதில்லை. கருணாபுரத்தில் மாண்டவர்களுள் இன்னாருக்கு இன்ன மனநோய் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்ல எவருக்கும் உரிமையும் இல்லை. ஆனால் அச்சொல்லின் நிழலில் மறைந்து நிற்கும் நோய்கள் பல. அவற்றுள் ஒன்று இருமுனை மனநோய். பைபோலார் என்று டாக்டர்கள் எழுதுவதும் இதனையே.

நோயின் இயல்பை முதலில் கூறிவிடுகிறேன். மனிதர் எல்லாருக்கும் மகிழ்ச்சியும் வருத்தமும் மாறி மாறி வருவது உண்டு. நெல் விளைந்தால் மகிழ்கிறோம். மழை பொய்த்தால் வருந்துகிறோம். அவற்றுக்குக் காரணம் வெளியில் இருக்கிறது. காரணம் நீங்கினால் உணர்ச்சியும் தணிகிறது. இந்நோயில் அப்படியன்று. ஒரு காலம் மனம் ஏறிக்கொண்டே போகிறது. அதைக் கிளர்ச்சி நிலை என்போம். ஒரு வாரமோ அதற்கு மேலோ அந்நிலை நீடிக்கிறது. நோயுற்றவர் இரண்டு மணி நேரம் உறங்கி, பத்து மணி நேரம் உறங்கியவரைப் போல் எழுந்து நிற்கிறார். பேச்சு மடை திறந்தாற்போல் வருகிறது. ஒரு செய்தி முடியுமுன் மற்றொன்றுக்குத் தாவுகிறது. தன்னால் ஆகாத காரியம் உலகில் இல்லை என்ற நம்பிக்கை பிறக்கிறது. கையிலுள்ள பணம் கரைகிறது. தடுப்பவர் மீது கோபம் பாய்கிறது. பிறகு ஒரு காலம் வருகிறது. அதே மனிதர் பாயை விட்டு எழுவதில்லை. சோறு கசக்கிறது. பேசுவதற்கு ஒரு சொல்லும் இல்லை. தாம் பிறருக்குப் பாரம் என்றும், இருந்து பயனில்லை என்றும் எண்ணுகிறார். இந்த இறக்கம் இரண்டு வாரமோ, பல மாதங்களோ நிற்கும். இவ்விரண்டுக்கும் இடையில் அவர் முற்றிலும் நல்லவராய், வேலைக்குப் போய்வந்து, பிள்ளைகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். இந்த இடைக்காலந்தான் உறவினரை ஏமாற்றுவது. 'நன்றாய்த்தானே இருக்கிறான், அன்றைக்கு வேண்டுமென்றே செய்திருக்கிறான்' என்ற தீர்ப்பு இவ்விடைக்காலத்தில்தான் எழுதப்படுகிறது.

இந்நோய் புதியதன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அரிட்டேயஸ் என்ற கிரேக்க மருத்துவர் கிளர்ச்சியும் சோர்வும் ஒரே மனிதரிடம் மாறி வருவதைக் குறித்திருக்கிறார். நம் சித்த மருத்துவர்கள் மனநோய்களைக் கிரிகை என்னும் பெயரிட்டுப் பதினெட்டாக வகுத்தனர். பிரான்சு நாட்டு ஃபால்ரே 1854-இல் இதனைச் சுழன்று வரும் பித்து என்றார். ஜெர்மானியரான கிரேப்பலின் 1899-இல் இதனை மனச்சிதைவு நோயினின்று பிரித்துத் தனி நோயாக நிறுத்தினார். அந்தப் பிரிவினை ஏதோ ஏட்டு வித்தை என்று எண்ணிவிடலாகாது. இரு நோய்களுக்கும் மருந்து வேறு, போக்கும் வேறு. பெயர் தவறினால் வைத்தியமும் தவறும்.

எத்தனை பேருக்கு இந்நோய் உண்டு? தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015, 2016-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் இருநூறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆட்படுவதாகக் கண்டது. அவர்களில் 70 விழுக்காட்டினர் வைத்தியம் பெறாதவர்கள் என்றும் அதே ஆய்வு கூறிற்று. கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ஆம் ஆண்டு விழுப்புரத்தினின்று பிரிந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அதன் நிலப்பரப்பில் சுமார் பதின்மூன்றரை இலட்சம் மக்கள் இருந்தனர். குழந்தைகளைக் கழித்துவிட்டாலும், மேற்கண்ட விகிதப்படி இம்மாவட்டத்தில் நாலாயிரத்துக்குக் குறையாத பேர் இந்நோயோடு வாழ வேண்டும். இது என் பெருக்கல் கணக்கே அன்றி எவரும் வீடு வீடாய்ச் சென்று எண்ணியதன்று. ஆயினும், அந்த நாலாயிரம் பேரும் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி எழுகிறதல்லவா? சிலர் கோவில் வாசலில் இருக்கிறார்கள். சிலர் வீட்டின் பின்கட்டில் இருக்கிறார்கள். ஆண்களில் பலர் சாராயக்காரரின் வாடிக்கையாளராக இருக்கிறார்கள்.

குடிக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு ஊகமன்று. அமெரிக்காவில் நடந்து 1990-இல் வெளியான பெரியதோர் ஆய்வில், இந்நோயின் கடுமையான வகையினை உடையவர்களில் நூற்றுக்கு 46 பேர் தம் வாழ்நாளில் மதுவுக்கு அடிமையாகவோ அதனால் கேடுற்றோ இருந்தனர். இதற்குக் காரணத்தை எளிதில் உணரலாம். கிளர்ச்சியில் இருப்பவன் உறக்கம் வராமல் தவிக்கிறான். ஒரு பொட்டலம் சாராயம் அவனை இரண்டு மணி நேரம் படுக்க வைக்கிறது. சோர்வில் இருப்பவன் மனைவி மக்கள் முகத்தில் விழிக்கவும் அஞ்சுகிறான். சாராயம் அவனை எழுப்பி உட்கார வைக்கிறது. ஆனால் மது உறக்கத்தின் ஒழுங்கைக் கெடுக்கிறது. உறக்கம் கெட்டால் இந்நோய் மீண்டும் கிளம்புகிறது. எது முன், எது பின் என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் பின்னிக்கொள்கின்றன. பிறகு வீட்டிலுள்ளவர்கள் அவனை எங்கேனும் அழைத்துச் சென்றால் குடியை நிறுத்தும் இடத்திற்குத்தான் அழைத்துச் செல்கிறார்கள். குடி நிற்கிறது, மூன்று மாதம் கழித்து மனம் ஏறுகிறது, மறுபடியும் குடி வருகிறது. 'திருந்தாத ஜென்மம்' என்று ஊர் கைவிடுகிறது.

இந்தப் பக்கத்திற்கு மதுவிலக்கு ஒரு பழைய கதை. சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில்தான் வந்தது. கல்வராயன் மலையின் மேற்குப் பகுதி அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. அதே மலையின் ஓடைக்கரைகள் பிற்காலத்தில் சாராய ஊறலுக்குப் பெயர் பெற்றன.

இனி, சமூகமும் பண்பாடும் இந்நோயை எவ்வாறு உருமாற்றுகின்றன என்பதைப் பார்ப்போம். நோய் உலகெங்கும் ஒன்றே. ஆனால் அது உடுத்திவரும் உடை ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் ஆமிஷ் என்றொரு சமயக் கூட்டத்தார் உண்டு. மோட்டார் வண்டி ஏறாமல், வீட்டில் மின்சாரம் வைக்காமல், எளிய உழவராக வாழ்பவர்கள். அவர்களுள் இந்நோயை ஆராய்ந்த ஈக்லண்ட் என்ற பெண்மணி, கிளர்ச்சி நிலையை அங்கே எப்படி அடையாளம் கண்டார் தெரியுமா? குதிரை வண்டியை வேகமாய் ஓட்டுவது, பொதுத் தொலைபேசியில் ஓயாமல் பேசுவது, காலமல்லாக் காலத்தில் பரிசுப் பொருள் கொடுப்பது! நகரத்து டாக்டர் ஒருவர் இதையெல்லாம் நோயென்றே கருதமாட்டார். ஆமிஷ் மக்களுக்கோ அது வரம்பு கடந்த செயல். நம் பக்கத்தில் அதே கிளர்ச்சி வேறு வடிவம் கொள்கிறது. முக்கால் காணி நிலம் உடையவர் குலதெய்வத்திற்குக் கோபுரம் கட்டுவதாக ஊர்ப் பொதுவில் அறிவிக்கிறார். அறியாத வீட்டுக் கலியாணத்தில் ஐயாயிரம் ரூபாய் மொய் எழுதுகிறார். விடியுமுன் மூன்று மணிக்கு வீடு வீடாய்க் கதவைத் தட்டி, தேர்தலில் நிற்கப்போவதாகச் சொல்லி வாக்குக் கேட்கிறார். தொடக்கத்தில் ஊர் இதை இரசிக்கவும் செய்கிறது என்பதை மறைப்பானேன்? கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுப்பவனை எவர் டாக்டரிடம் அழைத்துச் செல்வர்?

பண்பாட்டை அறியாத டாக்டர் தவறு செய்வதற்கும் சான்று உண்டு. நியூயார்க் நகரில் ஸ்பானிய மொழி பேசும் மக்கள் பெருந்தொகையாய் வாழ்கின்றனர். போர்ட்டோரிக்கோ முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள். 1983-இல் வெளியான ஓர் ஆய்வு, அம்மக்களும் கறுப்பின மக்களும் உண்மையில் இருமுனை நோய் உடையவர்களாக இருந்தும், வெள்ளையரைவிட மிகுதியாக மனச்சிதைவு நோயாளர் என்று தவறாய் முத்திரையிடப்பட்டதைக் காட்டிற்று. குறிப்பாக, காதில் குரல் கேட்பதாகச் சொன்ன இளைஞர்களுக்கு இத்தவறு நேர்ந்தது. அம்மக்கள் தம் துன்பத்தைச் சொல்லும் சொல் 'நெர்வியோஸ்' என்பது. நரம்புகள் என்பதே அதன் பொருள். இதை அறிந்தபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. நம்மவர் சொல்லும் 'நரம்புத் தளர்ச்சி' அதுவேயல்லவா? கடல் கடந்த இரு மக்கள், ஒருவரையொருவர் கண்டறியாதவர்கள், மனத்தின் நோயைச் சொல்லக் கூசி நரம்பின் மேல் பழியைப் போட்டிருக்கிறார்கள். நம் பெண்கள் நெஞ்சு அடைக்கிறது, தலை பாரமாயிருக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்று சொல்வதும் இவ்வகையே. சத்து ஊசியும் டானிக்கும் வாங்கிக்கொண்டு அவர்கள் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு மக்களுக்கும் இன்னொரு பொதுமை குடும்பம். நோயாளியைத் தெருவில் விடாமல் தாங்குவதும் குடும்பம். நோயை வெளியில் சொல்லவொட்டாமல் தடுப்பதும் அதே குடும்பம்.

அருள் வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. படித்தவர் சிலர் சாமியாடுவதையெல்லாம் மனநோய் என்று ஒரேயடியாய்த் தள்ளிவிடுகின்றனர். இது பிழை. ஆடித் திருவிழாவில் உடுக்கை ஒலிக்கையில் அருள் வந்தவர் குறி சொல்கிறார். கற்பூரம் அணைந்ததும் 'சாமி மலையேறிவிட்டது' என்கிறோம். அவர் தண்ணீர் குடித்துவிட்டு மறுநாள் களையெடுக்கப் போகிறார். அதற்கு இடமும் வேளையும் முறையும் உண்டு. கிளர்ச்சி நோயில் சாமி மலையேறுவதில்லை. பத்தாம் நாளும் உடுக்கையில்லாமல் ஆட்டம் நடக்கிறது. கிராமத்துப் பூசாரிகளில் அனுபவமுள்ளவர்கள் இவ்வேறுபாட்டை நன்கு அறிவார்கள். அவர்களை ஏளனம் செய்வதைவிட, பத்தாம் நாளில் அவர்களே நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பும்படி செய்வது பயனுடையது என்பது என் கருத்து.

கோவிலைப் பற்றி எதிரெதிரான இரண்டு செய்திகள் நம்மிடம் உள்ளன. திண்டுக்கல் மாவட்டத்தில் முத்துசாமி கோவில் என்ற இடத்தில் மனநோயாளர் தங்கி இளைப்பாறுவது வழக்கம். அங்கே வந்த 31 பேரைப் பெங்களூர் டாக்டர்கள் வந்த நாளிலும் புறப்படும் நாளிலும் சோதித்தார்கள். அவர்களுள் இருவர் இருமுனை நோயின் கிளர்ச்சியில் இருந்தவர்கள். மருந்து கிடையாது; பெரிய சடங்குகளும் இல்லை. கோவிலைச் சுத்தம் செய்வது, செடிகளுக்கு நீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகளே. சராசரி ஆறு வாரம் தங்கினர். நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்திருந்தன. 2002-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இச்செய்தி வெளிவந்தது. அன்பும் அமைதியும் ஒழுங்கான வேலையும் நோயைத் தணிக்கும் என்பதற்கு அது சான்று.

மற்றொரு செய்தி ஏர்வாடி. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதி ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். தர்காவில் இறைவனை வேண்டிக்கொள்ள வந்த மக்கள் அவர்கள். தீக்குக் காரணம் நம்பிக்கையன்று. காசுக்காகச் சங்கிலியிட்ட வியாபாரம். எனினும் உறவினர்களே கொண்டுவந்து விட்டுப் போனார்கள் என்ற உண்மையும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் எவ்விடத்திலும் நோயாளியைச் சங்கிலியிடலாகாது என்று தடை செய்துள்ளது. இச்சட்டத்தில் இருமுனை நோயாளருக்கென்றே அமைந்தது போன்ற ஒரு விதியும் உண்டு. நலமாய் இருக்கும் காலத்தில் ஒருவர், 'எனக்கு மீண்டும் நோய் வந்தால் இன்ன வைத்தியம் செய்யுங்கள், இன்னது செய்யாதீர்கள், இன்னார் என் சார்பில் முடிவு செய்யட்டும்' என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இடையிடையே தெளிவு வரும் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு இருக்க முடியாது. ஆனால் இதை அறிந்தவர் மிகச் சிலரே.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். அதன் 12-ஆம் பிரிவு, பெரும்பாலும் தெளிந்த மனமுடைய ஒருவர் சிற்சில காலத்தில் தெளிவிழந்தால், தெளிவிழந்த அக்காலத்தில் ஒப்பந்தம் செய்ய இயலாது என்கிறது. கிளர்ச்சியின் வேகத்தில் நிலத்தைப் பாதி விலைக்கு எழுதிக் கொடுத்தவர்களுக்கு இது கவசம். கவசம் இருந்தாலும் அதை அணிய மருத்துவச் சான்று வேண்டும். நோயென்று ஒப்புக்கொள்ளாத குடும்பத்தில் சான்று எங்கிருந்து வரும்? கூலிக்காரர் வீட்டில் எழுதிக் கொடுக்க நிலம் இல்லை. அங்கே கடன்தான் ஏறுகிறது. கந்து வட்டிக்காரரிடம் கணவன் வாங்கியதை, மகளிர் குழுக் கடன் எடுத்து மனைவி அடைக்கிறாள். அவன் சோர்ந்து படுத்திருக்கும் மாதங்களில் தவணை நாள் காத்திருப்பதில்லை.

பெண்களின் நிலையை விரித்துச் சொல்ல வேண்டும். இந்நோய் பெரும்பாலும் பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில் தலைகாட்டுகிறது. அதுவே நம் வீடுகளில் கலியாண வயது. ஆண்பிள்ளைக்கு நோய் கண்டால், 'ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாய்ப் போய்விடும்' என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். யாரோ ஒருவர் பெற்ற பெண் மருந்தாக்கப்படுகிறாள். பெண்ணுக்கு நோய் கண்டாலோ, மறைத்து மணம் முடிக்கிறார்கள். மருந்தை மாமியார் பார்த்துவிடக்கூடாதென்று தாயே மாத்திரையை நிறுத்துகிறாள். கலியாணத்து இராத்திரிகளில் உறக்கம் கெட்டு, மருந்தும் நின்று, நாற்பது நாளுக்குள் நோய் வெளிப்படுகிறது.

இன்னும் கொடியது பிரசவ காலம். பிள்ளை பெற்ற இரண்டொரு வாரத்தில் சில பெண்களுக்குத் திடீரென உறக்கம் நின்று, பேச்சு குழம்பி, குழந்தையைப் பற்றிய விபரீதமான எண்ணங்கள் தோன்றும். பிரசவச் சன்னி என்றும், காத்து கருப்பு என்றும் நம்மவர் சொல்வர். இவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது இருமுனை நோயே. அல்லது பின்னாளில் அதுவாக வெளிப்படுகிறது. இது அவசர வைத்தியத்திற்குரிய நிலை; தாயையும் சேயையும் தனியே விடலாகாது. வைத்தியம் செய்தால் மிக நன்றாகக் குணமாகும் என்பதே இதில் ஆறுதல். ஆனால் நடப்பது என்ன? பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள், குழந்தையைப் பிரிக்கிறார்கள், ஆறு மாதத்தில் அவன் வேறு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். மனைவிக்கு மனநோய் கண்டால் கணவன் விலகுவதும், கணவனுக்குக் கண்டால் மனைவி தாங்குவதும் நம் நாட்டு வழக்கமாகிவிட்டது. இந்து திருமணச் சட்டம் மனநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்பது உண்மை. ஆயினும் நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ இயலாத அளவு கடுமை இருக்க வேண்டும் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஊர்ப் பஞ்சாயத்தில் அத்தீர்ப்பைப் படிப்பவர் எவருமில்லை.

வைத்தியத்திற்கு வருகிறேன். 1949-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர், லித்தியம் என்னும் எளிய உப்பைக் கிளர்ச்சி நோயாளர் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார், நோய் அடங்கிற்று. பின்னர் டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ என்பவர் முறையாகச் சோதித்து அதனை நிலைநாட்டினார். இன்றும் இந்நோய்க்கு முதன்மையான மருந்துகளுள் அது ஒன்று. தற்கொலையைத் தடுப்பதிலும் பெயர் பெற்றது. விலையும் மலிவு. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு சற்றுக் குறைந்தால் பயனில்லை. சற்று மிகுந்தால் நஞ்சு. ஆகவே காலாகாலத்தில் இரத்தம் சோதிக்க வேண்டும்; சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு இதில் ஒரு தனிச் செய்தி இருக்கிறது. கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உண்டு, சுற்றிலும் கரும்பு. வெயிலில் கரும்பு வெட்டுபவரின் உடலிலிருந்து வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. உடலில் உப்புக் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அளவு ஏறிவிடுகிறது. கை கடுமையாய் நடுங்குவது, நடை தள்ளாடுவது, வாந்தி, பேதி, பேச்சுக் குழறுவது ஆகியவை அதன் அறிகுறிகள். பார்ப்பவர் என்ன சொல்வார்? குடித்திருக்கிறான் என்பார்! ஆகவே லித்தியம் உண்பவர் உப்பை ஒரேயடியாய்க் குறைக்கக் கூடாது. வெயிலில் உப்பிட்ட மோரும் கூழும் நீரும் தாராளமாய்க் குடிக்க வேண்டும். பேதி கண்டால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. வால்புரோயேட் என்ற மற்றொரு மருந்தும் வழக்கில் உண்டு. அது கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். பிள்ளைப்பேற்று வயதிலுள்ள பெண்களுக்கு அதை எழுதுமுன் டாக்டர் பலமுறை யோசிக்க வேண்டும்.

மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் தொடங்கியது. தொடக்க மாவட்டங்களுள் நம் திருச்சியும் ஒன்று. இன்று பல மாவட்டங்களில் மனநல டாக்டர் இருக்கிறார். 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தொலைபேசியில் ஆலோசனை கேட்கலாம். கடுமையான மனநோய் உடையவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதந்தோறும் உதவித் தொகையும் வழங்குகிறது. ஆனால் சமவெளிக்குப் போதுமான ஏற்பாடு மலைக்குப் போதாது. கல்வராயன் மலையில் 1976-ஆம் ஆண்டு வரையில் ஜாகீர் ஆதிக்கம் நீடித்தது. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் சாலை, பள்ளி, மருத்துவ வசதிகளைப் பற்றி 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து விசாரிக்க முற்பட்டது. கருணாபுரத்துச் சாவுகளே நீதிமன்றத்தின் பார்வையை மலை மேல் திருப்பின.

மலை மக்கள் ஆண்டில் பல மாதம் ஊரில் இருப்பதில்லை. மிளகு பறிக்கக் கேரளத்திற்கும், காப்பித் தோட்ட வேலைக்குக் குடகுக்கும் குடும்பத்தோடு போகிறார்கள். மருத்துவமனையில் பதினைந்து நாளுக்கோ ஒரு மாதத்திற்கோ மாத்திரை கொடுக்கிறார்கள். முப்பத்தொன்றாம் நாள் அந்த மனிதர் குடகில் இருக்கிறார், மருந்து நிற்கிறது, உறக்கம் குறைகிறது. வெள்ளிமலையிலிருந்து புறப்படும் மேஸ்திரிகளைக் கேட்டால் எந்தக் குடும்பம் எந்த மாதத்தில் எங்கே போகிறதென்பதைத் துல்லியமாய்ச் சொல்வார்கள். அதற்கேற்ப வேலைக் காலம் முழுமைக்கும் மருந்து கொடுத்தனுப்புவது பெரிய காரியமன்று. மாத்திரைகளை நோயாளியிடம் மொத்தமாய்க் கொடாமல் மனைவியிடமோ தாயிடமோ ஒப்படைக்க வேண்டும். சோர்வு வந்த வேளையில் அவை கையெட்டும் தூரத்தில் இருக்கலாகாது. கூடவே ஒரு சீட்டு: மருந்தின் பெயர், அளவு, கடைசியாக இரத்தம் பார்த்த நாள். அதை ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்க வேண்டும். குடகிலுள்ள டாக்டர் தமிழ் படிக்கத் தெரிந்தவராக இருக்கமாட்டார்.